நாலாவது பாட்டில்

உறை ஊற்றிய பால் மறுநாளும் பாலாகவே இருந்தால் வீட்டில் முதல் திட்டு யாருக்கு? சமைக்கிறவளுக்குத்தான். உறை பழசு, பாத்திரத்தை ஒழுங்காகக் கழுவவில்லை, பால் ஆறுவதற்குள் அவசரப்பட்டு ஊற்றிவிட்டாள், கைராசி போதாது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பாலைத் திட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை பார்த்த அக்காவும் முதல் மூன்று நாள் தன்னையேதான் திட்டிக்கொண்டாள். நாலாம் நாள் சாயங்காலம், காப்பகத்துப் பாலில் ஒரு டம்ளரும் தன் வீட்டுக்கு வாங்கும் பாலில் ஒரு டம்ளரும் எடுத்தாள். ஒரே உறையை ஒரே கரண்டியால் இரண்டிலும் ஊற்றி, ஒரே மூலையில் மூடி வைத்தாள். காலையில் வீட்டுப் பால் கட்டித் தயிராக நின்றது. காப்பகத்துப் பால் ஊற்றியது ஊற்றியபடியே இருந்தது.

அந்த இரண்டு டம்ளரையும் ஒரு கூடையில் வைத்து, தளும்பாமல் மடியில் பிடித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கே அதிகாரியாக இருந்தவளுக்கு மிளகாய் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை, கடைத்தெரு வைத்தது. பன்னிரண்டு வருஷமாக மளிகைக் கடை, பேக்கரி, ஐஸ் கம்பெனி என்று ஒன்று விடாமல் நுழைந்து, சாயப்பொடி போட்ட மிட்டாயையும் தேதியை அழித்து மாற்றி ஒட்டிய பிஸ்கட்டையும் அள்ளிக்கொண்டு வந்தவள். அவள் தெருவில் இறங்கினால் கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டு 'மிளகாய் வருது' என்று சொல்லிக்கொள்வார்கள். அது அவளுக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. மூக்கு நுனியில் இருக்கும் கோபத்தைத் தன் தொழிலுக்கு வேண்டிய கருவி என்றே அவள் நினைத்திருந்தாள்.

"இதுல எது தயிர், எது பாலுன்னு நீங்களே பாருங்க மேடம்" என்று சமையல்கார அக்கா டம்ளர்களை மேசைமேல் வைத்தாள்.

மிளகாய் இரண்டையும் சாய்த்துப் பார்த்தாள். ஒன்று அசையவில்லை. மற்றது விளிம்புவரை ஓடி வந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"அஞ்சு நாளா. முப்பத்தெட்டு குழந்தைங்க குடிக்குது. நாலஞ்சு பேருக்கு வயித்துவலி, ரெண்டு பிள்ளைங்க வாந்தி எடுத்துச்சு. நிர்வாகி அம்மாகிட்ட சொன்னா, வெயில் காலம்னா அப்படித்தான்ங்கிறாங்க. வெயில் காலத்துல பால் சீக்கிரம் புளிக்கணுமா, புளிக்காமலே இருக்கணுமா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

படித்தவளுக்கு உடனே விளங்கியது. தயிர் உறைய வேண்டுமானால் அதற்குரிய கிருமி பாலில் பிழைத்து வளர வேண்டும். வளரவில்லை என்றால், அதைக் கொல்ல யாரோ எதையோ ஊற்றியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து கேனில் வரும் பாலுக்கு ஐஸ் வேண்டும், குளிர்பதன வண்டி வேண்டும். இரண்டும் செலவு. கேனுக்கு ஒரு மூடி ஃபார்மலின் ஊற்றினால் அந்தத் தொல்லையே இல்லை, உச்சி வெயிலில் நின்றாலும் பால் திரியாது. பிணவறையில் உடம்பு அழுகாமல் இருக்கப் பயன்படுத்தும் அதே திரவம்தான். செத்தவர்களுக்கு ஊற்றுவதைப் பால்குடி மாறாத பிள்ளைகளுக்கு ஊற்றுகிறவன் வீட்டிலும் நாலு பிள்ளைகள் இருக்குமே என்று நினைத்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாளைக்கு காலையில நான் வர்றேன். நீங்க யாருகிட்டயும் வாயத் திறக்காதீங்க" என்றாள்.

மறுநாள் ஏழு மணிக்கு, காப்பகத்துக்குப் போகும் கேன் வண்டியில் ஏறுவதற்கு முன்னால், பால் கம்பெனி முற்றத்தில் மிளகாய் போய் நின்றாள். மாதிரி எடுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலுவலக உதவியாளரும் கூட வந்தார். அவரை எல்லாரும் நிதானம் என்று கூப்பிடுவார்கள். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. ஒரு கவரை ஒட்டினால் நாலு தடவை தடவிப் பார்க்கும் மனிதர். மிளகாயையும் நிதானத்தையும் ஒரே ஜீப்பில் அனுப்பிய மேலதிகாரிக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று அலுவலகத்தில் பேச்சு.

முதலாளி வெள்ளைச் சட்டையில் சிரித்த முகத்தோடு வந்தார். நாற்காலி போடச் சொன்னார், டீ கொண்டுவரச் சொன்னார். டீ பாலில்லாமல் கறுப்பாக வந்தது.

"பால் எனக்கு ஒத்துக்கறதில்ல மேடம். அதனால இங்க எல்லாருக்கும் இதுதான் பழக்கமாயிடுச்சு" என்றார்.

மிளகாய் டம்ளரைத் தொடவில்லை. அவருக்கு இந்தச் சோதனை பிடிக்கவில்லை என்பது சிரிப்பு அகல அகலத் தெரிந்தது. யார் புகார் கொடுத்தது, எந்த ஊழியர், காப்பகத்து ஆளா என்று தேன் ஒழுகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் சொல்லவில்லை. "உங்க மாதிரி பெரிய ஆபீசருங்க கண்ட கண்ட சமையல்காரி பேச்சைக் கேட்டு" என்று அவர் வாய் தவறி ஆரம்பித்ததும் அவளுக்கு வந்ததே கோபம், முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் கேன்களைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். கண்ட கண்ட சமையல்காரியின் கையால்தான் ஊரில் எல்லாரும் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறார்கள் என்று தொடங்கி, அவர் சட்டை வெளுப்பு வரைக்கும் அவள் விட்டுவைக்கவில்லை.

அவள் கத்திக்கொண்டிருந்தபோது பின்னால் நிதானம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டப்படி காப்பகத்துக் கேனின் பாலைக் கலக்கி நாலு பாட்டிலில் சமமாக ஊற்ற வேண்டும். ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு. மூன்று அலுவலக அலமாரிக்கு, பின்னால் வழக்கு என்று வந்தால் தேவைப்படும். போய்ச் சேரும்வரை கெடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் இருபது சொட்டு ஃபார்மலின் விட வேண்டும். பிறகு மூடி, காகிதம் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து, அதன் குறுக்கே விற்பவரின் கையெழுத்து. லேபிளில் அதிகாரியின் கையெழுத்து. நேரம் மிச்சமாகட்டும் என்று மிளகாய் நாலு லேபிளிலும் ஜீப்பில் வரும்போதே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாள். நாலிலும் ஒரே வாசகம்: ஃபார்மலின் இருபது சொட்டு சேர்க்கப்பட்டது.

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் உறைத்திருக்கும். அவளுக்கு உறைக்கவில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம், கைக்குப் பழகியது புத்திக்கு எட்டுவதில்லை.

பதினைந்தாம் நாள் ஆய்வறிக்கை வந்தபோதுதான் எட்டியது. கொழுப்பு சரி, தண்ணீர் இல்லை, மாவு இல்லை, சோடா இல்லை, யூரியா இல்லை. கடைசி வரியில், 'ஃபார்மலின் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்பட்டதாக லேபிளில் உள்ளதால் பரிசோதிக்கப்படவில்லை. முடிவு: பால் தரத்துக்கு உட்பட்டது.'

அவள் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு கீழ்த்தளத்தில் இருந்த ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் பகுப்பாய்வாளர், தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து உலகத்தை லேபிள் லேபிளாகப் பார்க்கிறவர்.

"எதைப் பார்க்கணுமோ அதை மட்டும் விட்டுட்டு மீதி எல்லாத்தையும் பார்த்திருக்கீங்க" என்றாள்.

"மேடம், நீங்களே போட்டு அனுப்பிட்டு இருக்கான்னு கேட்டா நான் என்ன எழுதறது? இருக்கும். நீங்கதானே போட்டீங்க."

"அவன் எவ்வளவு போட்டான்னு பார்க்க வேண்டாமா?"

"உங்க சொட்டு எது, அவர் சொட்டு எதுன்னு அதுல பேர் எழுதியிருக்காது மேடம். கோர்ட்டுல முதல் கேள்வியே அதுதான். இருபதுன்னு எழுதி நாப்பது விட்டீங்களான்னு கேப்பாங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. உப்பு ஏறிவிட்டதா என்று ருசி பார்க்க அனுப்பியதில் தன் கையாலேயே ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டு அனுப்பியிருக்கிறாள். இப்படி ஒரு விதியை எழுதியவன் யார் என்று நினைத்தாள். அதைப் பன்னிரண்டு வருஷம் கேள்வி கேட்காமல் செய்தவள் யார் என்பதையும் நினைத்தாள். பால் முதலாளி இரண்டையும் முன்னாலேயே நினைத்துப் பார்த்திருக்கிறான். திருடுவதற்கு இருட்டு வேண்டும் என்பதெல்லாம் பழைய காலம். இவன் சட்டத்தையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு பட்டப்பகலில் நடந்திருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து சமையல்கார அக்கா வந்தாள். இந்தத் தடவை கையில் கூடை இல்லை.

"என்னை நிறுத்திட்டாங்க மேடம்."

"ஏன்?"

"நீங்க வந்துட்டுப் போன மறுநாளிலருந்து தயிர் கல்லு மாதிரி உறையுது. அவன் உஷாராயிட்டான். நிர்வாகி அம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? அப்போ உன் உறைதான் சரியில்ல, உன் கையில இருந்த கோளாறுக்கு ஒரு நல்ல மனுஷன் மேல பழி போட்டுட்டேன்னு. தெருவே என்னைப் பொய்க்காரிங்குது. வேலை போனாப் போகட்டும், இன்னொரு அடுப்படி கிடைக்கும். இன்னும் பத்து நாள் போனா, எல்லாரும் மறந்ததும் அவன் மறுபடி ஊத்துவான். அப்போ உறை ஊத்திப் பார்க்க அங்க யாரு இருக்கா?"

 அக்கா படியிறங்கிப் போனாள்.

புதிதாக மாதிரி எடுத்தால் நல்ல பால்தான் கிடைக்கும். கெட்ட பால் இருப்பது அன்றைக்கு எடுத்த நாலு பாட்டிலில் மட்டும். அந்த நாலிலும் அவளே போட்ட மருந்து. அவள் அறிக்கையை மேசையில் ஓங்கி அடித்தாள். பேனா ஸ்டாண்டு உருண்டது. பேனாக்களைப் பொறுக்க வந்த நிதானத்தின்மேல் மீதிக் கோபம் இறங்கியது. நாலு பாட்டில் நாசமாகப் போகட்டும், இந்த ஆபீஸ் நாசமாகப் போகட்டும் என்று என்னென்னவோ சொன்னாள்.

நிதானம் பேனாக்களை ஒவ்வொன்றாக ஸ்டாண்டில் போட்டார். கடைசிப் பேனாவைப் போட்டதும், "நாலாவது பாட்டில் கெட்டுப்போகல மேடம்" என்றார்.

"எப்படிக் கெடும்? அதான் மருந்து போட்டிருக்கே."

"அதுல போடல."

மிளகாய் அவர் பக்கம் திரும்பினாள்.

"மூணாவது பாட்டிலோட சொட்டு தீர்ந்துபோச்சு. குப்பியில காத்துதான் வந்துச்சு. சொல்லலாம்னுதான் திரும்பினேன். நீங்க அந்தாளை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டிருந்தீங்க. குறுக்க பேசினா அடுத்தது எனக்குத்தான்னு பயந்துட்டேன். லேபிள்ல கையெழுத்து இருந்துச்சு, ஒட்டி முத்திரை வச்சுட்டேன். அன்னையிலருந்து தினமும் காலையில அலமாரியத் திறந்து பார்க்கறேன். இந்த வெயிலுக்கு ரெண்டாம் நாளே திரிஞ்சு, மூடியத் தள்ளிட்டு வெளிய வந்து என் மானத்தை வாங்கப் போகுதுன்னு நினைச்சேன். பதினஞ்சு நாளாச்சு மேடம். வெள்ளை வெளேர்னு இருக்கு."

மிளகாய் எழுந்து மாடிக்கு ஓடினாள்.

மேலதிகாரியின் அறை அலமாரியில், மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் அது இருந்தது. அரக்கு உடையவில்லை. முதலாளியின் வளைந்து வளைந்த கையெழுத்து முத்திரையின் குறுக்கே அப்படியே இருந்தது. சுற்றிய காகிதத்துக்கு மேலே தெரிந்த கழுத்தில் ஏடு படிந்திருந்தது. சாய்த்தாள், பால் பாலாகவே நகர்ந்தது. ஒரு சொட்டு மருந்துகூட அவர்கள் விடாத பால், ஐஸ் இல்லாத இரும்பு அலமாரியில் பதினைந்து நாள் இளமையோடு இருக்கிறது. அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அடுத்த நொடி அந்தப் பாலை ஐந்து நாள் குடித்த முப்பத்தெட்டு வாய்கள் நினைவுக்கு வந்தன, சந்தோஷப்பட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மேலதிகாரி கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்காதவர், நேரத்துக்கு வருகிறவர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை வெளிய எடுத்தா முதல்ல மாட்டறது யாரும்மா? லேபிள்ல இருபது சொட்டுன்னு எழுதி கையெழுத்துப் போட்டிருக்கிறது நீ. பார்க்காமலே போட்டேன்னு ஒத்துக்கணும். ஒரு லேபிள்ல பொய்னா, பன்னிரண்டு வருஷத்து லேபிள் எல்லாத்தையும் கிளறுவாங்க. நீ ஜெயிச்ச கேஸ் எல்லாம் திரும்பி வரும்."

"அப்போ அந்தப் பிள்ளைங்க?"

"இப்போ நல்ல பால்தானே வருது."

"எத்தனை நாளைக்கு சார்?"

அவர் அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்தார். அது எடுத்துக்கொள் என்பதா, யோசித்துக்கொள் என்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை விசாரணை இருந்தது. முதலாளி சும்மா இருக்கவில்லை. ஆய்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ட சமையல்காரி பேச்சை நம்பித் தன் பெயரைக் கெடுத்ததாக அவள்மேல் மனு கொடுத்திருந்தார்.

வீட்டில் அவள் கணவர் தையல்காரர். இரண்டு வருஷமாகப் பார்வை மங்கிவந்ததால் வேலை பாதியாகக் குறைந்திருந்தது. வீடு ஓடுவது அவள் வேலையில்தான். அது இருவருக்கும் தெரியும், இருவரும் அதைப் பேசுவதில்லை. சாப்பிடும்போது அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். முதலாளியைத் திட்டினாள், விதியைத் திட்டினாள், மேலதிகாரியைத் திட்டினாள், நிதானத்தைப் போதும் போதும் என்கிற அளவுக்குத் திட்டினாள்.

"அவர் ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டார் கணவர்.

"பயமாம்."

"யாரைப் பார்த்து?"

அவள் தட்டைப் பார்த்தாள்.

"துணியத் தப்பா வெட்டிட்டா நான் உடனே போய் சொல்லிடுவேன்" என்றார் அவர். "திட்டு விழும். சொல்லாம தச்சுக் கொடுத்தா, அதைப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னாடி குனியும்போது கிழியும். நீ வெட்டினது தப்பு. தச்சு முடிக்கறதுக்குள்ள சொல்லிடு. இங்க நாம எப்படியாவது பார்த்துக்கலாம்."

'எப்படியாவது' என்பதற்கு அவரிடம் எந்த வழியும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அந்தச் சொல் போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை விசாரணை அறையில் ஒரு நீளமேசை. தலைப்பக்கம் மேலதிகாரி. ஒரு பக்கம் முதலாளியும் அவருடைய வக்கீலும். மறுபக்கம் மிளகாய், பகுப்பாய்வாளர். கதவோரம் பெஞ்சில் சமையல்கார அக்கா, பக்கத்தில் நிதானம். வக்கீல் ஆய்வறிக்கையை அழுத்தந்திருத்தமாகப் படித்தார். 'தரத்துக்கு உட்பட்டது' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மிளகாய் மூன்று பாட்டிலையும் மேசைமேல் வைத்தாள். கத்தப் போகிறாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நாலாவது பாட்டில்ல நாங்க ஃபார்மலின் விடல. லேபிள் தப்பு. வேலை நடக்கறதுக்கு முன்னாலயே கையெழுத்துப் போட்டுட்டேன். இது மருந்தில்லாம பத்தொன்பது நாள் அலமாரியில இருந்த பால்."

வக்கீல் சிரித்தார். "அப்போ அன்னைக்கு பொய் சொன்னீங்களா, இன்னைக்கு பொய் சொல்றீங்களா?"

"அன்னைக்கு."

நிதானம் பெஞ்சிலிருந்து எழுந்தார். அவள் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பார்வைக்கு அவர் உட்காராமல் இருந்ததில்லை. அன்றும் உட்கார்ந்தார்.

"கையெழுத்து என்னோடது. வேற யாரோடதும் இல்ல" என்றாள் அவள்.

"பத்தொன்பது நாள்ல நீங்களே திறந்து எதையாவது ஊத்தியிருக்கலாமே" என்றார் முதலாளி.

"முத்திரை மேல உங்க கையெழுத்து இருக்கு. உடைஞ்சிருக்கா பாருங்க."

முதலாளி பார்த்தார். வக்கீலும் வாங்கிப் பார்த்தார். உடையவில்லை.

அப்போது பகுப்பாய்வாளர் தொண்டையைச் செருமினார். யாரும் கேட்காமல் அவர் வாய் திறந்து அந்த அறை பார்த்ததில்லை. "மூணையும் என்கிட்ட கொடுங்க சார். ஒரே கேன் பால். சொட்டு விட்ட ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். நாலாவதும் அதே அளவு காட்டினா மேடம் இன்னைக்கு சொல்றது பொய். நாலாவதுல ஒண்ணுமே இல்லன்னா இவங்க பால் சுத்தம். ரெண்டும் இல்லாம, குறைவா இருந்தா" என்று நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அந்தக் குறைஞ்சது எங்கிருந்து வந்துச்சுன்னு இவங்கதான் சொல்லணும்."

மேலதிகாரி தலையசைத்தார். ஆய்வுக்கூடம் கீழ்த்தளம்தான். மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரமும் மிளகாய் அக்காவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாட்டிலுக்குள் ஒன்றுமே இல்லாமல் போனால்? ஏதோ அதிசயத்தால் பால் தானாகவே கெடாமல் இருந்திருந்தால்? வேலையும் போய், அக்காவின் பெயரும் போய், ஊற்றியவன் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான். 

"திரியாத பாலுக்கு வேற காரணம் கிடையாது மேடம்" என்று மெதுவாகச் சொன்னாள் அக்கா. "நான் முப்பது வருஷமா பால் காய்ச்சறேன்."

பகுப்பாய்வாளர் ஒரே ஒரு தாளோடு வந்தார். உட்காராமலே படித்தார். இரண்டாவதும் மூன்றாவதும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நாலாவதில் அதில் மூன்றில் ஒரு பங்கு.

"அதாவது?" என்றார் மேலதிகாரி.

"அதாவது நாங்க போட்டதைக் கழிச்சா அவங்க போட்டது நிக்குது சார்."

பால் கொண்டுவருகிறவர்கள் செய்திருக்கலாம், வண்டிக்காரன் செய்திருக்கலாம், தனக்கு எதுவுமே தெரியாது என்று முதலாளி பேச ஆரம்பித்தார். மிளகாய் அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"உங்க கம்பெனியில டீ ஏன் கறுப்புன்னு இப்போ எனக்குத் தெரியும்" என்றாள்.

அதன் பிறகு வக்கீல்தான் பேசிக்கொண்டிருந்தார்.

முடிவு என்ன என்று கேட்கிறீர்களா? கம்பெனியின் உரிமத்தை நிறுத்தி வைத்து வழக்குப் போடும் உத்தரவு ஆறு நாள் கழித்துப் போனது. பொய் லேபிளில் கையெழுத்திட்டதற்காக மிளகாயைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யும் உத்தரவு அன்றைக்குச் சாயங்காலமே வந்தது. அதை டைப் செய்ய மட்டும் அந்த அலுவலகத்தில் ஆள் இருந்தார்கள், தாள் இருந்தது, மின்சாரமும் இருந்தது. விஷம் ஊற்றியவனுக்கு ஆறு நாள் அவகாசம், அதைக் கண்டுபிடித்தவளுக்கு ஆறு மணி நேரம்கூட இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கே வாயில் வேறு சொற்கள் வருகின்றன, அடக்கிக்கொள்கிறேன்.

காப்பகத்து நிர்வாகி மறுநாளே பாலை மாற்றினாள். பெற்றோர்கள் வாசலில் வந்து நின்றதும் அக்காவையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டாள். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை. அக்கா அதற்காகக் காத்திருக்கவும் இல்லை, அடுப்பைப் பற்ற வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், வேலையில்லாத மிளகாய் காப்பகத்து அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா தயிர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவள் தலைக்கு நேராகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு துளி விழவில்லை. அப்போது நிதானம் வந்தார், சட்டைப் பையில் மடித்த ஒரு தாளோடு.

"சுற்றறிக்கை வந்திருக்கு மேடம். உங்க கேஸை வச்சுதான் போட்டிருக்காங்க."

விதியை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து அவள் வாங்கினாள். ஐஸ் பெட்டி கொடுப்பார்கள், ஃபார்மலின் சந்தேகம் இருந்தால் ஃபார்மலின் விடாதே என்று எழுதியிருப்பார்கள் என்று நினைத்தாள். தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'அண்மையில் நடந்த குறைபாட்டைக் கருத்தில் கொண்டு, இனி எல்லாப் பால் மாதிரிகளிலும் ஃபார்மலின் விடப்படுவதை இருவர் நேரில் பார்த்து உறுதி செய்து கையெழுத்திட வேண்டும்.'

அவள் இரண்டாவது தடவை படிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "இத்தனைக்கும் அப்புறம் இதைத்தான் கத்துக்கிட்டாங்களா? மருந்து போடாததுதான் குறைபாடாம். நாலாவது பாட்டில்தான் குற்றவாளியாம். என் வேலை போனது இதுக்கா?"

"பிள்ளைங்க தூங்குது மேடம்" என்றாள் அக்கா.

மிளகாய் குரலை இறக்கினாள், பல்லைக் கடித்தாள். "ரெண்டாவது கையெழுத்து யாரோடதாம்?"

"என்னோடது" என்றார் நிதானம்.

"போடுவீங்களா?"

"போடுவேன். மூணு பாட்டிலுக்கு." அவர் தாளைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தார். "குப்பியில அறுபது சொட்டுக்கு வேண்டியதுதான் ஊத்தி எடுத்துட்டுப் போறேன். நாலாவது வரும்போது தீர்ந்துபோயிடுது. லேபிள்லயே எழுதிடறேன், மருந்து தீர்ந்துவிட்டது, விடவில்லைன்னு. பொய் இல்ல பாருங்க. சட்டையப் பிடிச்சு யாராவது கேட்டா, வயசாயிடுச்சு, அளவு தெரியறதில்லன்னு சொல்லுவேன்."

மிளகாய் அவரையே பார்த்தாள்.

"ஒருத்தர் பண்ணினா கண்டுபிடிச்சுடுவாங்க" என்றாள்.

"மத்த ஆபீஸ் உதவியாளருங்க பதினோரு பேர்கிட்டயும் பேசிட்டேன் மேடம்" என்றார் நிதானம், தாளைப் பையில் வைத்து நாலு தடவை தடவிக்கொண்டே. "எங்க யாருக்குமே அளவு தெரியாது."